கூரையை அண்ணாந்து பார்ப்பது யார்?

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சட்டம் இல்லாமலா? பொதுக் கட்டடத்துக்கு உரிமம் வேண்டும் என்று 1965லேயே சட்டம் வந்துவிட்டது. உரிமம் தருபவர் தாசில்தார்.

எங்கள் கண்டாச்சிபுரம் தாலுகா ஆபீசையே பாருங்கள். பட்டா, சாதிச் சான்று, தேர்தல், புயல் நிவாரணம் எல்லாம் அவர் தலையில். கூரையை எப்போது அண்ணாந்து பார்ப்பார், பாவம்! அதனால் பொறியாளர் தரும் உறுதிச் சான்றை நம்புகிறார். தனியார் பள்ளி என்றால் அந்தப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுப்பதும் பெரும்பாலும் அதே பள்ளிதான். எனக்கு உறுத்துவது இதுதான்.

கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள், சரி. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தபின் மறுபடி மாநிலமெங்கும் ஆய்வு. தாலுகாவுக்கு ஒரு பொறியாளரை, அரசுச் சம்பளத்தில், இதற்கென்றே போட்டால் என்ன?