எல்லைத் தொகுதி – 7: பர்கூர் சூட்டிய மகுடம்

1991 ஜூன் 15. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு 25 நாட்கள் ஆகியிருந்தன. கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியின் வாக்காளர் கையில் அன்று இரண்டு வாக்குச் சீட்டுகள். ஒன்று டெல்லிக்கு, மற்றொன்று சென்னைக்கு.

டெல்லிச் சீட்டில் இருந்தது பழகிய பெயர். 1980, 1984, 1989 என மூன்று தேர்தல்களில் இங்கே காங்கிரசுக்காக வென்ற வாழப்பாடி ராமமூர்த்தி நான்காவது முறையாக நின்றார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த இரவில் அங்கே இருந்தவர். அப்போது தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். சென்னைச் சீட்டில் பர்கூர் பகுதி மக்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு. அவர்களின் சட்டமன்ற வேட்பாளர் ஜெயலலிதா. எதிரே, தாயக மறுமலர்ச்சிக் கழகத்தின் டி. ராஜேந்தர்.

முடிவு ஒருபக்கமாக வந்தது. தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களும் அதிமுக – காங்கிரஸ் அணிக்கு. பர்கூரில் ஜெயலலிதா 37,215 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். காங்கேயத்திலும் வென்றிருந்தவர், பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டு ஜூன் 24 அன்று முதல்முறையாக முதலமைச்சரானார். அதற்கு மூன்று நாள் முன்புதான் டெல்லியில் நரசிம்ம ராவ் பிரதமராகியிருந்தார். அந்த அமைச்சரவையில் தொழிலாளர் துறை வாழப்பாடியாருக்கு. ஆலைச் சங்கின் ஓசைக்குக் கண்விழிக்கும் ஓசூர் சிப்காட் தொழிலாளிகளின் எம்.பி.யே தொழிலாளர் துறை அமைச்சர்! சென்னையில் முதலமைச்சர், டெல்லியில் அமைச்சர். மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில் கிடந்த இந்தத் தொகுதிக்கு அதற்கு முன் இப்படியொரு காலம் வாய்த்ததில்லை.

ஆனால் ஜெயலலிதா பதவியேற்ற மறுநாளே புயல் கருக்கொண்டது.

ஜூன் 25. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்தது: கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீரை மேட்டூருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஏற்க மறுத்த கர்நாடக முதலமைச்சர் பங்காரப்பாவின் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டெல்லி உடனே முடிவெடுக்கவில்லை, மாதங்கள் ஓடின. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் எம்.பி. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நாற்காலியில் இருக்க முடியும்? மத்திய அரசின் போக்கைக் கண்டித்து வாழப்பாடியார் அமைச்சர் பதவியைத் துறந்தார். பதவியைவிடத் தண்ணீர் பெரிது என்று காட்டிய அந்தச் செயல், எல்லைப்புறத்து எம்.பி. ஒருவருக்கு இருக்க வேண்டிய முதுகெலும்பு.

டிசம்பர் 11 அன்று தீர்ப்பு அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரில் கலவரம். தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் முதலில் கண்ட தமிழ்நாட்டு நகரம் ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர் அது. அரசியல் மூட்டிய நெருப்பின் சூட்டை அடுத்தடுத்த வீட்டில் வாழும் எளிய மனிதர்களே தாங்க வேண்டியிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் அமர்ந்து முழங்கியவர்கள் இதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

ஆண்டுகள் உருண்டன. முதலமைச்சரின் தொகுதி என்பதால் பர்கூருக்குக் கிடைத்தவை உண்டு. 1994இல் அங்கே அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. வானம் பார்த்த பூமியில் மானாவாரி விவசாயம் செய்து பிழைத்த குடும்பங்களுக்கு அது சிறிய வரவு அல்ல. ஆனால் மாநிலம் முழுவதும் ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்தன. 1995 செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம் மக்கள் மனதில் ஆறாத கோபமாகத் தங்கியது.

1996 பொதுத் தேர்தல். அதிமுகவோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் முடிவெடுக்க, காங்கிரசை உடைத்துக்கொண்டு தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார் மூப்பனார். திமுகவும் தமாகாவும் கைகோத்தன. ரஜினிகாந்தின் ஆதரவும் சேர்ந்தது. பர்கூரில் முதலமைச்சரை எதிர்த்து திமுக நிறுத்தியவர் இ.ஜி. சுகவனம். மாநில அளவில் அதிகம் அறியப்படாத பெயர்.

வாக்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. எண்ணி முடித்தபோது நாடே பர்கூரைத் திரும்பிப் பார்த்தது. ஜெயலலிதா தோற்றிருந்தார்! வித்தியாசம் 8,366 வாக்குகள். 1967இல் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றதற்குப் பிறகு, தமிழ்நாட்டில் பதவியிலிருந்த முதலமைச்சர் ஒருவரைச் சொந்தத் தொகுதியே வீழ்த்தியது அப்போதுதான். முந்தைய தேர்தலின் முன்னிலையையும் இந்தத் தோல்வியையும் கூட்டிப் பாருங்கள்: ஐந்தே ஆண்டுகளில் வாக்கு வித்தியாசம் 45,581 அளவுக்குத் திரும்பியிருந்தது. மக்களவைத் தொகுதியிலும் அதே அலை. காங்கிரசின் கோட்டையாக இருந்த கிருஷ்ணகிரி, தமாகாவின் சி. நரசிம்மன் வசமானது.

கல்லூரி கொடுத்தவரையா தோற்கடித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கல்லூரிக்கு மக்கள் யாரிடமும் கடன்படவில்லை. தொகுதிக்கு வந்த நன்மையை ஒரு தட்டிலும், மாநிலம் பட்ட பாட்டை மறு தட்டிலும் வைத்து எடைபோட்டார்கள். பர்கூர் வாக்காளரின் அந்தத் தராசு நேர்மையானது. எந்தப் பெரிய பெயருக்கும் இந்த மண் தன்னைப் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1998இல், இதே கிருஷ்ணகிரி அதிமுகவின் கே.பி. முனுசாமியை டெல்லிக்கு அனுப்பியது. அதே தேர்தலில் சேலத்தில் வென்ற வாழப்பாடியார் வாஜ்பாய் அரசில் பெட்ரோலியத் துறை அமைச்சரானார். பழைய எம்.பி. அமைச்சரவையில், புதிய எம்.பி.யின் கட்சியோ அந்த அரசைத் தாங்கும் 18 தோள்களாக.

1999 ஏப்ரலில் அந்தத் தோள்கள் விலகின. ஏப்ரல் 17 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கு! அந்த ஒற்றை வாக்கு நம் எல்லைத் தொகுதியின் கணக்கை எப்படித் தலைகீழாக்கியது? அடுத்த தேர்தலில் கிருஷ்ணகிரி யாரைத் தேர்ந்தெடுத்தது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)