ஒரு நீல கேப்ஸ்யூலின் கதை

2006-ல் ஐஸாலுக்கு மாற்றலாகி வந்த புதிது. தஞ்சாவூர்ப் பக்கம் சமதரையில் நடந்தே பழகிய ஆசாமி நான். இங்கே வீட்டிலிருந்து வங்கிக்குப் போகவே நூறு படிக்கு மேல் ஏற வேண்டும். தண்ணீர் குடிக்க மறந்ததன் பலன், இரண்டாவது மாதமே சிறுநீரகக் கல். வலி என்றால் அப்படி ஒரு வலி. அம்மாவுக்கு போன் போட்டேன். "அந்த நீல மாத்திரை ஒண்ணு போட்டுக்கோடா, ஸ்பாஸ்மோ பிராக்ஸிவான், கேட்டா குடுப்பான்" என்றாள். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சாமி அலமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்த அட்டை எப்போதும் இருக்கும்.

மருந்துக்கடையில் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் எங்கள் கிளை உதவியாளர் தனியாக அழைத்துச் சொன்னார்: "க பு (மிஸோவில் 'ஐயா'), இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள்."

ஏன் என்று தேட ஆரம்பித்தது அன்றைக்கு. நான் படித்தது பி.காம். மருந்தியலுக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் இந்தக் கதையில் மருந்தைவிடக் கணக்குதான் அதிகம், அதனால் எழுதத் துணிகிறேன்.

அந்த கேப்ஸ்யூலில் மூன்று சரக்கு. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால், வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின், மூன்றாவதாக டெக்ஸ்ட்ரோபுரோபாக்ஸிஃபீன். இந்த மூன்றாவது ஆள்தான் நம் கதாநாயகன். அபின் குடும்பத்து வேலையைச் செய்யும், ஆனால் கசகசாச் செடியிலிருந்து வராமல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து. உருவத்தில் மெதடோனுக்குப் பங்காளி. 1950களில் அமெரிக்காவின் இலை லில்லி கம்பெனியில் உருவாக்கி, 1957-ல் 'டார்வான்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. இதே மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்பம் போல ஓர் இரட்டையர் உண்டு. வலப்பக்கத்தது வலியைக் குறைக்கும், இடப்பக்கத்தது இருமலைக் குறைக்கும். அந்த இருமல் மருந்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'நோவ்ராட்'. டார்வானைத் திருப்பி எழுதினால் வருவது. கம்பெனிக்காரர்களுக்கும் குறும்பு உண்டு.

கோடீனைவிடப் பாதுகாப்பு, பழக்கம் ஆகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். பல்வலி, மூட்டுவலி, பிரசவத்துக்குப் பிந்தைய வலி என்று டாக்டர்களும் தாராளமாக எழுதினார்கள். ஆனால் பிற்பாடு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாரசிட்டமாலோடு இதைக் கலந்து கொடுப்பதற்கும் வெறும் பாரசிட்டமால் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. வரவு அவ்வளவுதான். செலவு?

இங்கேதான் எனக்குப் புரிகிற கணக்கு வருகிறது. உள்ளே போன மருந்தில் பாதி ரத்தத்திலிருந்து இறங்க சுமார் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆனால் கல்லீரல் அதை உடைக்கும்போது நார்புரோபாக்ஸிஃபீன் என்று ஒரு மிச்சம் உண்டாகிறது. அதில் பாதி இறங்க 30 முதல் 36 மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டால்? முந்தைய தவணை அடையுமுன் அடுத்த கடன். வட்டிக்கு வட்டி மாதிரி நிலுவை ஏறிக்கொண்டே போகும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இன்னும் வேகமாக. இந்த மிச்சம் இதயத்தின் மின்னோட்டத்தில் கை வைக்கும், சோடியம் வழிகளை அடைக்கும், துடிப்பைக் கலைக்கும். அபின் வகை மருந்து அதிகமாகி மூச்சு நின்றால் நாலாக்ஸோன் ஊசி போட்டு மூச்சைத் திருப்பலாம். இதயத்தில் நடக்கும் கோளாறுக்கு அந்த ஊசி உதவாது. கூடவே மதுவும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக்கூட அவகாசம் இருக்காது.

இது நேற்றுத் தெரிந்த சங்கதி இல்லை. 1978-லேயே அமெரிக்காவில் சிட்னி உல்ஃப் என்ற டாக்டர், பப்ளிக் சிட்டிஸன் அமைப்பின் சார்பில் இதைத் தடை செய்யச் சொல்லி மனுப் போட்டார். நடக்கவில்லை. 2006-ல் மறுபடி மனு. பிரிட்டனில் இதுவும் பாரசிட்டமாலும் கலந்த 'கோ-புராக்ஸமால்' மாத்திரையால் ஆண்டுக்கு 300 முதல் 400 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் தற்கொலைகள். 2005-ல் படிப்படியாக விலக்கும் முடிவை எடுத்தார்கள். அந்தச் சாவுகள் மளமளவென்று குறைந்தன. வேறு மாத்திரையைத் தேடிப் போய்ச் சாவார்கள் என்று சொன்னவர்களின் வாதம் எடுபடவில்லை. அமெரிக்காவில் 2009 ஜனவரியில் நிபுணர் குழு வாக்கெடுத்தது. விலக்கலாம் என்று 14 பேர், வேண்டாம் என்று 12 பேர். அப்போதும் எச்சரிக்கைப் பெட்டியோடு விட்டார்கள். பிறகு புதிதாகச் செய்த ஆய்வில், டாக்டர் சொன்ன அளவிலேயே போட்டாலும் ஈ.சி.ஜி. மாறுவது தெரிந்தது. 2010 நவம்பரில்தான் கடையை மூடினார்கள். மனுவுக்கும் உத்தரவுக்கும் இடையே 32 வருஷம். எங்கள் வங்கியில் ஒரு வாராக்கடனை இத்தனை வருஷம் 'நல்ல கணக்கு' என்று காட்டியிருந்தால் தணிக்கையாளர் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்.

சரி, ஐஸாலுக்கு வருவோம். பர்மா எல்லை பக்கத்தில். மணிப்பூரில் 'நம்பர் ஃபோர்' ஹெராயின் புகுந்ததும், ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியதும் பலருக்குத் தெரிந்த கதை. மிஸோரமின் கதை வேறு. இங்கே வந்தது எல்லைக்கு அப்பாலிருந்து அல்ல. நம் நாட்டுத் தொழிற்சாலையில் தயாராகி, ரசீதோடு லாரியில் வந்தது. ஒரு மாத்திரைக்குள் 135 மில்லிகிராமுக்கு மேல் போகாத இந்த மருந்துக்குப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளிலிருந்து விலக்கு இருந்தது. கேப்ஸ்யூலில் இருந்ததோ அதைவிடக் குறைவு. ஹெராயின் கிடைக்காத நாளில், காசில்லாத நாளில், பையன்கள் இதைப் பிரித்துக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். அது நரம்பில் ஏற்றுவதற்குச் செய்த பொருளே அல்ல. சரியாகக் கரையாத தூள் ரத்தக்குழாயை அடைத்து, சீழ்க்கட்டி வைத்து, சதை அழுகி, கையையோ காலையோ எடுக்கும்படி ஆனது. 1997-ல் இங்கே மதுவிலக்கு வேறு வந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை, மாத்திரை அதற்கு முன்பே வந்துவிட்டது.

2008 என்று நினைவு. ஓர் இளைஞன் மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று கவுண்டருக்கு வந்தான். பழைய அட்டையை எடுத்தேன். கான்வென்ட் பிள்ளைகளுக்கே வரும் அழகான சாய்வெழுத்து. காரணம் என்ன என்று, படிவத்தைப் பார்த்தபடியே கேட்டேன். பதில் வராததால் நிமிர்ந்தேன். வலது சட்டைக் கை, முழங்கைக்குக் கீழே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. இடது கையால் மூன்று முறை போட்டுப் பார்த்தான். மூன்றும் மூன்று விதமாக வந்தன. வங்கிக்கு ஒரே மாதிரி வரவேண்டும் அல்லவா? "ஒரு மாதம் பழகிவிட்டு வா தம்பி" என்று அனுப்பினேன். பக்கத்தில் நின்ற அவன் அப்பா, "பெருவிரல் ரேகையே வைத்துவிடுகிறோம், சார்" என்றார். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து இடது கையால் கையெழுத்துப் போட்டான். அந்த அட்டையில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

2013 மே மாதம் இந்திய அரசு இந்த மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி அறிவிப்பு வெளியிட்டது. கிட்டத்தட்ட அதே பெயரில், உள்ளே டிராமடாலை வைத்து, கேப்ஸ்யூல்கள் திரும்பி வந்தன. அதுவும் அபின் குடும்பம்தான். அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவர 2018 ஏப்ரல் ஆயிற்று.

தடை வந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அரை அட்டை மிச்சம் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "அதை ஏண்டா எடுக்கறே? பன்னெண்டு வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றாள். மறுநாள் காலை கும்பகோணத்துக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுத்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர்.