நேரம் நம் கைக்கு வந்த கதை



காலையில் நம் பிளாக்கின் லிஃப்ட் வாசலில் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர், சென்ட்ரலுக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடுகிறவர், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற வந்தவர் என்று எல்லோருக்கும் அவசரம். மணி பார்க்க எல்லோரும் எடுப்பது செல்போனைத்தான். கையில் வாட்ச் கட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள். நாங்கள் இன்னும் ஏன் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அதற்குப் பதிலாகவே கைக்கடிகாரத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். வாட்ச் வருவதற்கு முன் நேரம் யாரிடம் இருந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அதன் அருமை புரியும்.

ரயில் கொண்டுவந்த நேரம்

நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். சூரியன் உச்சிக்கு வந்தால் நடுப்பகல், அவ்வளவுதான். ஊருக்கு ஊர் உச்சிப்பொழுது சற்று மாறும். கிழக்கு மேற்காக ஒரு பாகை தள்ளினால் 4 நிமிட வித்தியாசம். விவசாயத்துக்கும் கோயில் பூஜைக்கும் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை.

ரயிலுக்கு அது சரிப்படவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை நம் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்தால் கால அட்டவணையே போட முடியாது. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே நேரம் தேவைப்பட்டது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வு நிலையம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. அங்கே கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ பிறகு இந்திய ரயில்களுக்கே பொது நேரமாயிற்று. அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது.

1906 ஜனவரி 1 முதல் இப்போதுள்ள இந்திய நேரம், அதாவது ஐந்தரை மணி நேர வித்தியாசம், நடைமுறைக்கு வந்தது. சென்னைக்காரர்களுக்கு ஒன்பது நிமிடம்கூட மாறவில்லை. பம்பாயின் உள்ளூர் நேரத்துக்கோ 39 நிமிடம் மாறியது. அந்த ஜனவரியில் ஆயிரக்கணக்கான பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கல்லெறிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். சூரியனைப் பார்த்து எழுந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு, முள்ளை நகர்த்தினால் 39 நிமிடம் முன்னதாக ஆலை வாசலில் நிற்கவேண்டும் என்றே அர்த்தம். பம்பாய் நகரம் தன் பழைய நேரத்தை 1955 வரை முழுதாக விடவில்லை.

ஆலைச் சங்கும் ஆலைக் கடிகாரமும்

நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர நூற்பாலைகளைப் பற்றி 1850இல் வந்த ஒரு நூல் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே முதலாளிகள் ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னால் தள்ளி வைப்பார்களாம், மாலையில் பின்னால் இழுத்து வைப்பார்களாம். இது தொழிலாளிகளுக்குத் தெரியாமல் இல்லை. வாய் திறக்கப் பயம். சொந்தமாகக் கடிகாரம் வைத்திருக்கவே பயந்தார்கள்.

நான் பி.காம். படித்தவன், வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன். எனக்கு இது வங்கிக் கணக்கு போலத்தான் தோன்றுகிறது. வங்கியின் பேரேட்டில் ஒரு தொகை இருக்கும், வாடிக்கையாளரின் பாஸ்புக்கில் ஒரு தொகை இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு சரி. பாஸ்புக்கே இல்லாத வாடிக்கையாளர் வங்கி சொல்வதை நம்பவேண்டியதுதான். ஆலைக் கடிகாரம் முதலாளியின் பேரேடு என்றால், தொழிலாளியிடம் பாஸ்புக் இல்லாமலே பல காலம் போயிற்று. கைக்கடிகாரம்தான் அந்த பாஸ்புக்.

மணிக்கட்டுக்கு வந்தது

ஐரோப்பாவில் ஆண்கள் கோட்டுப் பையில் சங்கிலியோடு கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று கருதப்பட்டது. 1914-18 உலகப்போர் அதை மாற்றியது. பதுங்குகுழியில் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறவன் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. போர் முடிந்து திரும்பியவர்கள் மணிக்கட்டில் வாட்ச்சோடு திரும்பினார்கள்.

நம் நாட்டில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்றவை பெயர் பெற்றவை. சென்னையில் வாட்ச் என்றால் 1849இல் தொடங்கிய மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடை. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதிகாரிகளும் வக்கீல்களும் மிராசுதார்களும்தான்.

சாமானியர் கைக்கு வாட்ச் வந்தது பொதுத்துறை வழியாக. பெங்களூரில் இருந்த எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. ‘ஜனதா’ என்ற மாடலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை டயல், மெல்லிய முள், உள்ளே 17 ஜூவல். அந்த ஜூவல் என்பது நகைக்கல் அல்ல. பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்கப் பொருத்திய செயற்கை மாணிக்கக் கல். தினமும் காலையில் சாவி கொடுக்கவேண்டும். சாவி வலப்பக்கம் இருப்பதால் வலக்கையால் திருக வசதி, அதனால் இடக்கையில் கட்டினோம்.

முதல் சம்பளத்தில் வாட்ச், மாப்பிள்ளைக்கு வாட்ச், பத்தாம் வகுப்பில் பாஸானால் வாட்ச் என்று அது குடும்ப விசேஷங்களோடு கலந்துவிட்டது. காலை 7.15 மணி ஆகாசவாணி தமிழ்ச் செய்திக்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ சத்தத்துக்கு முள்ளைச் சரிசெய்வது பல வீடுகளில் ஒரு பூஜை மாதிரி நடக்கும்.

அலுவலகத்தில் இதன் பலனை நானே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் வருகைப் பதிவேட்டில் பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சிவப்பு மையில் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் கேஷுவல் லீவு போகும். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடியது. ஒருவர் சொன்னால் எடுபடவில்லை. ஒருநாள் ஏழெட்டுப் பேர் வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். எல்லாம் ஒரே மணி காட்டின. சத்தம் போடாமல் சுவர்க் கடிகாரம் திருத்தப்பட்டது.

ஓசூரில் பிறந்த டைட்டன்

அடுத்த மாற்றம் நம் மாநிலத்திலிருந்தே வந்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பேட்டரியின் மின்சாரத்தில் ஒரு சிறு படிகம் அதிரும். இன்றைய குவார்ட்ஸ் வாட்ச்களில் அந்த அதிர்வு விநாடிக்கு 32,768 முறை. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. சாவி கொடுக்கவே வேண்டாம். ஜனதா போன்ற சாவி வாட்ச் விநாடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்றது. ஒப்பிட்டுப் பாருங்கள், துல்லியத்தின் காரணம் புரியும்.

இந்தத் தொழில்நுட்பத்தை நம்பி 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளும் தமிழ்நாடு என்பதன் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் ‘டைட்டன்’. தொழிற்சாலை ஓசூரில். அதை வழிநடத்தியவர் செர்க்ஸஸ் தேசாய். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். டி.வி. விளம்பரத்தில் வந்த மொசார்ட் இசை இப்போதும் பலர் காதில் இருக்கும். அந்தக் கம்பெனியில் இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது. அதாவது நம் வரிப்பணத்தில் விதைத்தது.

எச்.எம்.டி. சாவி வாட்ச்சை விட்டு வேகமாக மாறவில்லை. நஷ்டம் வளர்ந்தது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட ஒப்புதல் அளித்தது. இதற்குள் செல்போன் எல்லார் பையிலும் வந்துவிட்டது.

இன்றைக்கு சிப்காட் வாசலில்

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் வாட்ச், மோதிரம், காப்பு எதுவும் கூடாது. சிக்கினால் கையே போய்விடும் என்பதால் அந்த விதி நியாயமானது. சில இடங்களில் செல்போனையும் வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வந்த நேரமும் போன நேரமும் விரல்ரேகை இயந்திரத்தில் பதிவாகின்றன.

அந்த இயந்திரம் விநாடி தவறாது. முள்ளைத் தள்ளிவைக்கும் காலமெல்லாம் போய்விட்டது. ஆனால் பதிவு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரு மடங்கு ஊதியம் என்றது. ஓ.டி. எத்தனை மணி என்று இரு பக்கமும் கணக்கு இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. முக்கியமாக, காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஒரு மணி நேரம் குறைந்தால் நிரூபிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

அதனால் நான் இளைஞர்களுக்குச் சொல்வது எளிது. உள்ளே போகும்போது வாட்ச்சைக் கழற்றி லாக்கரில் வையுங்கள், வெளியே வந்ததும் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் மணி பாருங்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தினமும் ஒரு வரி போதும். சம்பளச் சீட்டு வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் வங்கிக் கணக்கு வைத்திருப்பவரை நாம் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லையே.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பீரோவில் நின்றுபோன வாட்ச் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் என்றால் பழைய பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். சாவி வாட்ச் என்றால் ரிப்பேர் கடையில் ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும், இன்னும் பல வருடம் ஓடும். அதைப் பேரனுக்கோ பேத்திக்கோ கட்டிவிடுங்கள். ஒரு வாரம் அவர்களே சாவி கொடுக்கட்டும். நேரம் தங்கள் கையில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.