மேசைப் போரும் வன்னி நிலமும்

சதுரங்கம் என்னும் சொல் தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையையும் குறிப்பது. போரைப் பலகையிற் சுருக்கிக் காணும் முயற்சி நமது பண்பாட்டிற்குப் புதியதன்று என்பதற்கு இச்சொல்லே சான்றாகும். ஆயினும், நிலத்தின் மேடுபள்ளம், தூரம், காலம் என்பவற்றையும் கணக்கிற்கொண்ட போர் விளையாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரஷ்யாவில் உருப்பெற்றது. ரைஸ்விற்ஸ் என்பார் அமைத்த விளையாட்டை அவர்தம் மகன் திருத்தி, 1824இல் விதிநூலாக வெளியிட்டார். படை அதிகாரிகளின் பயிற்சியாக விளங்கிய இவ்வகை ஆட்டத்தைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்க முனைந்தோருள் எச். ஜி. வெல்ஸ் முக்கியமானவர். 1913இல் அவர் எழுதிய 'சிறிய போர்கள்' என்னும் நூல் பொம்மை வீரரைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளைத் தந்தது. மெய்ப்போரினும் பொம்மைப் போரே மேலானது என்பது அவர்தம் துணிபு. அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. அப்போரில், 1916இல், டாங்கி முதன்முதலாகக் களமிறங்கியது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் பிளாஸ்ரிக் தொழில் வளர்ந்தது. பகுதிகளாக வாங்கிப் பசையிட்டுப் பொருத்தும் டாங்கி மாதிரிகளை எயர்பிக்ஸ் நிறுவனம் 1961இல் விற்கத் தொடங்கியது. போருக்குப் பிந்திய டாங்கிகளும் காலப்போக்கில் இவ்வரிசையிற் சேர்ந்தன. அவற்றுள் சோவியத் நாட்டின் ரி-55 குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 36 தொன் நிறையும் 100 மில்லிமீற்றர் பீரங்கியும் உடைய இதனை நால்வர் இயக்குவர். பீரங்கிக் குழாயுடன் சேர்த்து இதன் நீளம் ஏறத்தாழ 9 மீற்றர். 1:35 அளவுத்திட்டத்தில் அது ஏறக்குறைய 26 சென்ரிமீற்றராகும். 1:100இல் 9 சென்ரிமீற்றராகும். 1:285இல் 3 சென்ரிமீற்றரளவே எஞ்சும். முதலாவது கண்ணாடி அலுமாரிக்கு உரியது. ஏனையவை மேசைப் போருக்கு உகந்தவை.

இங்கு ஓர் உண்மை கவனிக்கற்பாலது. 1:100 அளவுத்திட்டத்தின்படி ஒரு கிலோமீற்றர் தூரத்தைக் காட்டுவதற்குப் பத்து மீற்றர் நீளமான மேசை தேவை. அத்தகைய மேசை எவரிடத்தும் இல்லை. எனவே விதிநூலார் பீரங்கியின் வீச்சைப் பெரிதும் குறுக்கிவிடுகின்றனர். ஆணிகூடப் பிசகாது இயந்திரத்தைக் காட்டும் ஆட்டம், நிலத்தைக் காட்டுவதில் இவ்வாறு தவறுகின்றது.

நிலமே போரின் போக்கை வகுக்கும் என்பதற்கு ஆனையிறவு தக்க சான்று. குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் இவ்வொடுங்கிய நிலப்பகுதி, மறைவிடமற்ற வெட்டவெளி. 1991 யூலையில் இங்கிருந்த படைமுகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகளிடம் டாங்கி இருக்கவில்லை. வெளியைக் கடப்பதற்கு அவர்கள் புல்டோசர் ஒன்றுக்கு இரும்புக் கவசமிட்டு முன்செலுத்தினர். காமினி குலரத்ன என்னும் படைவீரர் அதன்மீது ஏறிக் கைக்குண்டால் அதனைத் தடுத்துத் தாமும் மாண்டார். அப்புல்டோசர் இன்று ஏ-9 வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கின்றது. இருதரப்பிலும் பெருந்தொகையானோர் அச்சமரில் உயிரிழந்தனர். ஈராண்டின் பின், 1993 நவம்பரில், பூநகரி முகாம் தாக்கப்பட்டபோது இலங்கைப் படையினரின் ரி-55 டாங்கி புலிகளின் கையிற் சிக்கியது. மேசையில் 9 சென்ரிமீற்றராகச் சுருங்கும் அதே டாங்கியே வன்னி மக்களின் வயல்வெளிகளிலும் வீதிகளிலும் ஊர்ந்தது.

மேசைப் போரில் விடுபடுவது தூரம் மாத்திரமன்று. அங்கு ஆடுவோர் இருவர். காய்களும் அவ்விருவருக்கே உரியன. இருவரையும் சாராத மனிதரைக் குறிப்பதற்குப் பெரும்பாலான ஆட்டங்களிற் காய் இல்லை. வன்னியின் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் மக்கள் தருமபுரம், புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து, ஈற்றில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் அடைபட்டனர். ஆயிரக்கணக்கானோர் அங்கே மடிந்தனர். எஞ்சியோருள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியாவின் செட்டிகுளம் முதலான இடங்களின் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். படைநகர்வை மாத்திரம் அம்புக்குறிகளாற் காட்டும் வரைபடத்தில் இவர்களுக்கு இடமில்லை.

இதனால் மாதிரிக்கலை பயனற்றது என்பது கருத்தன்று. கவசத்தின் தடிப்பையும் சரிவையும் கையிலெடுத்து ஆராய்வதற்கு அது உதவும். மெய்ப்போரை வெறுப்பதற்கும் உதவக்கூடும் என வெல்ஸ் நம்பினார். ஆனால், டாங்கியை நுணுக்கமாகச் செதுக்கும் கை அது நின்ற சூழலையும் அவ்வாறே செதுக்குதல் வேண்டும். வன்னிப் போரை ஒருவர் மேசையில் அமைக்க முனைவாராயின், டாங்கிக்கு அருகே பனங்குற்றிகள் அடுக்கிய பதுங்குகுழியும், தறப்பாள் கொட்டிலும், வீட்டுப் பொருள்களையும் குழந்தைகளையும் ஏற்றிய உழவு இயந்திரமும் இடம்பெறல் வேண்டும். வரலாற்றை எழுதுவோர்க்கும் இதுவே பொருந்தும்.