பூதங்களுக்கு ஒரு வி.ஆர்.எஸ்.

ஒரு குண்டு மனிதர். பயத்தில் பின்பக்கமாகவே நடந்து வருகிறார். கால் தளர்கிறது. நாற்காலி தட்டுப்படுகிறது. அப்பாடா என்று உட்காருகிறார். ஆனால் நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம்! நம்ம ஆளுக்கு அது தெரியாது. மடியில் கிடக்கும் கைகளைப் பார்க்கிறார். ஒன்று, இரண்டு... அட, மூன்றாவது கை யாருடையது?

இந்தக் காட்சியை எடுத்து முடிக்க இயக்குநர் சார்லஸ் பார்ட்டன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பூதமாக நடித்த கிளென் ஸ்ட்ரேஞ்சுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேக் மேல் டேக். பூதம் சிரித்ததால் வீணான அந்தத் துண்டு பிலிம்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

1948-ல் வந்த 'அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில்தான் இது. அதுசரி, ஒரு பழைய காமெடிப் படத்துக்கு எதற்கு வரலாற்றுப் பக்கம் என்கிறீர்களா? இருக்கிறது சாமி. நான் படித்தது பி.காம். எனக்கு இந்தக் கதை ஒரு பேரேடு மாதிரிதான் தெரிகிறது.

1931-ல் யுனிவர்சல் ஸ்டுடியோ இரண்டு படங்கள் எடுத்தது. பிப்ரவரியில் 'டிராகுலா', நவம்பரில் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. இரண்டும் சக்கைப்போடு போட்டன. 1941-ல் ஓநாய் மனிதன் வந்து சேர்ந்தான். பிறகு என்ன? அரைத்த மாவையே அரைத்தார்கள். ஒரு பூதம் போதவில்லை என்று 1944-லும் 1945-லும் எல்லா பூதங்களையும் ஒரே வீட்டில் குடிவைத்துப் பார்த்தார்கள். ம்ஹூம். உலகப் போரையே பார்த்து முடித்த ஜனங்களுக்கு, அட்டைப்பெட்டிக் கோட்டையும் புகையும் எந்த மூலைக்கு? கணக்குப் பாஷையில் சொன்னால், முழுசாகத் தேய்மானம் எழுதி முடித்த சொத்துகள்.

அதே ஸ்டுடியோவில் இன்னொரு சொத்தும் மங்கிக்கொண்டிருந்தது. ஒல்லி பட் அபாட், குண்டு லூ காஸ்டெல்லோ. 1941-ல் 'பக் பிரைவேட்ஸ்' மூலம் பணத்தை அள்ளிக் கொடுத்த ஜோடி. போர் முடிந்தபிறகு அவர்கள் மவுசும் குறைந்துவிட்டது. இரண்டு பழைய சரக்கையும் ஒன்றாகக் கட்டி விற்றால் என்ன?

காஸ்டெல்லோவுக்குக் கதையே பிடிக்கவில்லை. என் சின்னப் பெண் இதைவிட நன்றாக எழுதுவாள் என்றாராம். 50,000 டாலர் முன்பணமும், நண்பர் பார்ட்டன் இயக்குகிறார் என்ற செய்தியும் மனத்தை மாற்றின. 1931-ல் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபோ, நடிக்கவே முடியாது என்றுவிட்டார். ஆனால் தியேட்டர் வாசலில் நின்று விளம்பரத்துக்குப் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்! வேடிக்கை என்ன தெரியுமா? அடுத்த வருஷமே இதே ஜோடியோடு ஒரு படத்தில் நடித்தார். சினிமாவில் கொள்கை ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம்.

கதை இவ்வளவுதான். ஃபுளோரிடாவில் ரயில்வே சரக்கு ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் இந்த இருவர் கைக்கு இரண்டு பெட்டிகள் வருகின்றன. ஒன்றில் டிராகுலா, இன்னொன்றில் பூதம். சொன்னபடி கேட்கிற மாதிரி பூதத்துக்கு ஒரு அசட்டு மூளை வேண்டும். டிராகுலா தேர்ந்தெடுப்பது காஸ்டெல்லோவின் மூளையை!

இது ஏன் ஜெயித்தது? ஒரே காரணம். பூதங்கள் காமெடி செய்வதில்லை. இதே ஜோடி 1941-ல் நடித்த 'ஹோல்ட் தட் கோஸ்ட்'டில் பேயே கிடையாது, எல்லாம் திருடர்கள் வேலை. இங்கே டிராகுலா நிஜ டிராகுலா. ஓநாய் மனிதனாக வரும் லான் சேனி ஜூனியர், நிஜமாகவே தன் சாபத்தை நினைத்துப் புலம்புகிறார். லண்டனிலிருந்து போன் பேசும்போதே அவர் ஓநாயாக மாறி உறுமுகிறார். இந்தப் பக்கம் காஸ்டெல்லோ, உங்க நாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க என்கிறார். அவர் சீரியஸாக உறுமுவதால்தான் இவர் சொல்வது சிரிப்பு.

எல்லாருக்கும் மேலே பேலா லுகோசி. 1931-ல் டிராகுலாவாக நடித்தவர். அப்புறம் 17 வருஷம் எந்த முழுநீளப் படத்திலும் அந்த வேஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது வயது 65. வாய்ப்புகள் வற்றிப்போன நேரத்தில் கூப்பிட்டது ஒரு காமெடிப் படம். வேறு யாராவதாக இருந்தால் அசட்டுச் சிரிப்போடு ஒப்பேற்றியிருப்பார்கள். மனிதர் ஒரு இடத்தில்கூட கௌரவத்தை விடவில்லை. அதே மேலங்கி, அதே பார்வை.

சரி, பற்றுப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். முந்தைய படத்தில் ஓநாய் மனிதனுக்கு வியாதி குணமாகிவிட்டது. இதில் மறுபடி ஓநாய். ஏன்? பதில் கிடையாது. டிராகுலாவுக்குக் கண்ணாடியில் பிம்பம் தெரியாது. 1931 படத்தில் அவர் மாட்டிக்கொள்வதே அதனால்தான். இதில் ஜம்மென்று தெரிகிறது! அபாட் எதையுமே பார்க்காமல், கிட்டத்தட்ட கடைசிவரை நம்பாமல் இருப்பது முதல் மூன்று தடவை சிரிப்பு, அப்புறம் அலுப்பு. பாவம், தலைப்பில் பெயர் இருக்கும் பூதத்துக்குப் பெரும்பாலும் படுத்துக்கொள்வதுதான் வேலை.

ஆனாலும் படம் ஓடியது. எட்டு லட்சம் டாலருக்குள் எடுத்த படம், அந்த வருஷம் யுனிவர்சலுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவற்றில் ஒன்று. 2001-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடமும் கிடைத்தது.

லான் சேனிக்கு மட்டும் கடைசிவரை ஆறவில்லை. பூதங்களைக் கோமாளியாக்கி இந்த ஜோடி பயத்தையே கொன்றுவிட்டது என்று பின்னாளில் வருத்தப்பட்டார். நியாயமா? பூதங்களைத் தேய வைத்தது சிரிப்பில்லை. வருஷா வருஷம் அதே பூதத்தைத் தூசி தட்டி விற்ற ஸ்டுடியோதான். சிரிப்பு அவற்றுக்குக் கொடுத்தது கௌரவமான வி.ஆர்.எஸ். 1957-லும் 1958-லும் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் அதே ஃபிராங்கன்ஸ்டைனையும் டிராகுலாவையும் வண்ணத்தில் எடுத்தபோது, ஜனங்கள் மறுபடி அலறினார்களே!

இந்தக் கணக்கில் ஒரே ஒரு வரிதான் நேராகவில்லை. படம் ஜெயித்தும் லுகோசிக்குப் பெரிய வாய்ப்பு எதுவும் வரவில்லை. வலிக்காகத் தொடங்கிய மருந்து அடிமைப்படுத்தியது. 1956-ல் இறந்துபோனார். டிராகுலா மேலங்கியோடுதான் புதைத்தார்கள்.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் லுகோசி வரும்போது மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுற்றிலும் எல்லாரும் சிரிக்க, சிரிக்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் ஒரு மனிதர்.