ஒரு சோறு பதமாகாத இடம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அடுக்களையில் அது பொய்ப்பதில்லை. எண்ணுலகில் அது செல்லாது என்பதற்குச் சான்றாக நிற்பது, கணித மேதை இராமானுஜன் தவறிய ஒரே ஒரு பெரிய இடத்தின் வரலாறு.

1-ஐயும் தன்னையும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத, 1-இலும் பெரிய எண்ணை முதன்மை எண் என்கிறோம். பகா எண் என்பதும் அதுவே. நூறுக்குள் 25, ஆயிரத்துக்குள் 168, பத்து இலட்சத்துக்குள் 78,498 என இவை அருகிக்கொண்டே செல்கின்றன, ஆயினும் முடிவதில்லை. ஓர் எல்லைக்குள் இவை எத்தனை என்பதை, ஒவ்வொன்றாய் எண்ணாமலே கூற இயலுமா?

இயலும் என்றார் இராமானுஜன். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர், 1913 சனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய மடலில், தமது சூத்திரத்தின் பிழை புறக்கணிக்கத்தக்கது என உரைத்தார். ஹார்டியோ நிறுவல் எங்கே என்று வினவினார். சிறிய எண்களுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்திய அச்சூத்திரம், பேரெண்களிடத்தே நிலைகொள்ளாதெனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதற்கு வேண்டிய சிக்கலெண் சார்புகளின் கல்வி, தனித்துக் கற்ற அவருக்கு அன்று கிட்டியிருக்கவில்லை.

பேரெண்கள் எத்துணை வஞ்சகமானவை என்பதை ஹார்டியின் நண்பர் லிட்டில்வுட் 1914-இல் காட்டினார். ஜெர்மானியக் கணிதர் கவுஸ் வகுத்த மதிப்பீடு, எண்ணிப் பார்த்த இடமெல்லாம் உண்மைத் தொகையினும் மிகையாகவே இருந்தது. பத்து இலட்சத்தில் அம்மிகை ஏறத்தாழ 130. என்றும் மிகையே என்று நம்புவது இயல்பன்றோ? அன்று, அது முடிவில்லாத தடவைகள் குறையாகவும் மாறும் என நிறுவினார் லிட்டில்வுட். அத்தகைய மாற்றம் நிகழும் ஓரிடத்தை 2000-ஆம் ஆண்டில் இருவர் கணித்துக் கூறினர்; அவ்வெண்ணுக்கு 317 இலக்கங்கள்! அத்துணை தொலைவுக்கு ஒவ்வொன்றாய் எண்ணிச் சென்று பார்ப்பவர் எவருமிலர். நிறுவல் ஒன்றே அங்கு செல்லும்.

இராமானுஜன் இதனால் சிறுமையுற்றாரா? இல்லை. 1914-இல் இங்கிலாந்து சென்று ஹார்டியுடன் அமர்ந்து நிறுவற் கலையைப் பயின்றார். ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை முதன்மைக் காரணிகள் அமையும் என்பதை 1917-இல் இருவரும் சேர்ந்தே நிறுவினர். மறு ஆண்டிலே ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

மூன்று கணக்குச் சரிவந்ததும் பேனையை மூடிவைக்கும் மாணவரை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுக்கு இராமானுஜனின் வெற்றிகளை மட்டுமன்றி இத்தவற்றையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். தவறென்று அறிந்தபின் மீண்டும் கற்கத் துணிந்தமையும் அவர் பெருமையே.