ஓங்கிய குரலின் எழுத்து

எழுத்துக்கும் குரல் உண்டு. உரோமன் எழுத்துகளில் உரக்கக் கூவுவதற்கென்றே வடிக்கப்பட்டது 'இம்பாக்ட்' என்னும் எழுத்துரு. அதன் மரபு நெடியது. 1816-இல் இலண்டன் நகரத்து நான்காம் வில்லியம் காஸ்லன், முனைக்கீற்றுகள் அற்ற எழுத்தொன்றைத் தம் மாதிரி ஏட்டில் காட்டினார். அச்செழுத்தாக வார்க்கப்பட்ட முதல் 'சான்ஸ் செரிஃப்' அதுவே. 1819-இல் அவருடைய வார்ப்புச்சாலையை வாங்கிய ஷெஃபீல்டு நிறுவனம், பின்னர் ஸ்டீஃபன்சன் பிளேக் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனமே 1965-இல் இம்பாக்டை உலோகத்தில் வெளியிட்டது.

வரைந்தவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ. குறுகிய இடத்தில் இயன்ற அளவு மையைப் பதிப்பதே அவர் நோக்கம். ஆகவே கோடுகளைத் தடிக்கச் செய்தார். எழுத்தின் உள்வெளியைக் கீற்றாக ஒடுக்கினார். சிற்றெழுத்துகளை உயர்த்தி, மேலும் கீழும் நீளும் கால்களைக் குறுக்கினார். வரிகள் சுவர்போல் நெருங்கி நின்றன. சுவரொட்டிக்கும் தலைப்புக்கும் அது பொருந்தியது.

ஆனால் ஈய எழுத்துக்கு அது அந்திக்காலம், ஒளியச்சுக்கோப்பு தலையெடுத்திருந்தது. இம்பாக்டுக்கு மறுவாழ்வு தந்தது கணினி. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென இலவசமாக வழங்கிய எழுத்துருக்களில் அதுவும் இடம்பெற்றது. பின்னர், கருப்பு விளிம்பிட்ட வெள்ளை எழுத்தாக, உலகெங்கும் பகடிப் படங்களின் மீது ஏறி அமர்ந்தது.

கவிஞர்கள் இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. குரலை உயர்த்த லீ கொடுத்த விலை, எழுத்தின் உள்வெளி. சிறிய அளவில் அச்சிட்டால் அவ்வெளி மையால் அடைபடும், எழுத்து கரும்புள்ளியாகும். தலைப்பு அதைத் தாங்கும். சொற்களுக்கிடையே மௌனம் வேண்டி நிற்கும் கவிதை தாங்காது.